அச்சிட்ட வரி எங்கே போனது? சி நிரலின் திரை வெளியீட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மாலை நேரத்தில் சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாணவன் கண் சிவந்து வந்து நின்றான். இரண்டு இரவு தூங்கவில்லையாம். "சேர், என்னுடைய நிரல் முதல் வரியிலேயே விழுந்துவிடுகிறது" என்றான்.

மடிக்கணினியைத் திறந்து காட்டச் சொன்னேன். பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக ஆறு இடங்களில் "இங்கே 1", "இங்கே 2" என்று, அச்சிடும் செயற்கூறான பிரின்ட்எஃப் போட்டிருந்தான். ஓட்டினால் ஆறில் ஒன்றுகூடத் திரையில் வரவில்லை. நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது என்று சொல்லும் செக்மென்டேஷன் ஃபோல்ட் என்ற ஒற்றை வரி மட்டும் வந்தது. ஆகவே "இங்கே 1" என்பதற்கு முன்னால் இருந்த மூன்று வரிகளில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அவற்றையே இரண்டு இரவும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். அந்த மூன்று வரிகளிலும் எந்தக் குற்றமும் இல்லை. "இங்கே 6" என்பதையும் தாண்டி, ஒரு கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன் வெறுஞ்சுட்டியைத் திருப்பியிருந்தது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்துத் தவறு. அதைச் சோதிக்காமல் வாசிக்கப் போன இடத்தில் நிரல் விழுந்திருந்தது.

ஆறு பிரின்ட்எஃப்பும் ஓடித்தான் இருந்தன. அவை கொடுத்த எழுத்துகள் திரைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். திரையில் கடைசியாகத் தெரிந்த வரி, நிரல் கடைசியாக ஓடிய வரி அன்று. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பிள்ளைகள் குற்றமில்லாத வரிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தவறாமல் வாசியுங்கள். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அவற்றைத் தட்டச்சிட வேண்டும்.

பிரின்ட்எஃப் உண்மையில் என்ன செய்கிறது

பிரின்ட்எஃப் திரையில் எழுதுவதில்லை. உங்கள் நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஓர் இடையகம் இருக்கிறது. எல்லோரும் பஃபர் என்று சொல்வது அதைத்தான். பிரின்ட்எஃப் எழுத்துகளை அதில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அவற்றை மொத்தமாக எடுத்து இயங்குதளத்திடம் ஒப்படைப்பது ரைட் என்ற அழைப்பு. அது எப்போது நடக்கும் என்பதில் மூன்று வகை உண்டு.

புறக்கோட்டையில் நிற்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை எல்லாம் நிரம்பினால்தான் புறப்படுவேன் என்று நிற்கும் பஸ் ஒன்று. இது முழு இடையகம். நேரக்காப்பாளர் விசில் ஊதியதும், பாதி காலியாக இருந்தாலும் புறப்படும் பஸ் இன்னொன்று. இது வரி இடையகம். புதுவரிக் குறிதான் இங்கே விசில். ஒருவர் ஏறியதுமே கிளம்பும் முச்சக்கரவண்டி மூன்றாவது. இது இடையகமே இல்லாத நிலை.

எந்த வண்டி என்பதை, வெளியீடு எங்கே போகிறது என்பதை வைத்து நூலகம் முடிவு செய்கிறது. நிரலின் சாதாரண வெளியீடு போகும் ஓடைக்கு எஸ்டிடிஅவுட் என்று பெயர். கட்டளைகளைத் தட்டச்சிட்டு விடையை மனிதர் பார்க்கும் சாளரம்தான் முனையம். எஸ்டிடிஅவுட் முனையத்துக்குப் போகவில்லை என்று தெரிந்தால் மட்டுமே அதை முழு இடையகத்தில் வைக்க வேண்டும் என்று சி மொழியின் தரம், அதாவது அதன் விதிநூல், சொல்கிறது. லினக்ஸில் முனையம் என்றால் வரி இடையகம். கோப்பு, அல்லது ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் பைப் என்றால் முழு இடையகம். பிழைச் செய்திகளுக்கென்று உள்ள ஓடையான எஸ்டிடிஎர் ஒருபோதும் முழு இடையகத்தில் தொடங்காது. லினக்ஸில் அதற்கு இடையகமே இல்லை. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பிரின்ட்எஃப் கொடுத்தது உடனே தெரிந்துவிடும். அங்கே பழகியவர்கள் லினக்ஸுக்கு வந்ததும், "நேற்றுவரை வேலை செய்ததே" என்று திகைப்பது இதனால்தான்.

கோளாறு இடையகத்தால்தானா என்று உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது: நிரலை முனையத்தில் ஒரு தடவை ஓட்டுங்கள். பிறகு கட்டளையின் முடிவில் நிமிர்கோடு இட்டு, வருவதை அப்படியே காட்டும் கேட் கட்டளைக்கு அனுப்பி இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டு தடவைக்கும் இடையே வெளியீட்டின் வரிசையோ, எண்ணிக்கையோ, நேரமோ மாறினால் இடையகம்தான் காரணம். இரண்டாவது: மெயின் தொடங்கியதும் முதல் வேலையாக இதைப் போடுங்கள்.

செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎன்பிஎஃப், 0);

இது எஸ்டிடிஅவுட்டின் இடையகத்தை அகற்றிவிடும். அறிகுறி மறைந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. இந்த வரி எந்தப் பிரின்ட்எஃப்புக்கும் முன்னால் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது அச்சிட்ட பிறகு செட்விபஃப்பை அழைப்பதைத் தரம் அனுமதிக்கவில்லை.

அறிகுறி: நிரல் விழுந்துவிட்டது, அதற்கு முன் அச்சிட்ட வரிகளும் காணவில்லை

என் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான். நிரல் ஒழுங்காக முடிந்தால், அதாவது மெயின் திரும்பினாலோ எக்ஸிட் அழைக்கப்பட்டாலோ, இடையகத்தில் மிஞ்சியிருப்பதை நூலகம் வெளியே தள்ளிவிட்டுத்தான் போகும். செக்மென்டேஷன் ஃபோல்ட் வந்தால் இயங்குதளம் நிரலை அந்த நொடியிலேயே நிறுத்திவிடும். நூலகத்துக்கு மூச்சு விடவும் நேரமில்லை. இடையகத்தில் இருந்தவை நினைவகத்தோடு சேர்ந்து அழிந்துவிடும்.

கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும், கில் கட்டளையால் நிறுத்தினாலும், குறித்த நேரத்தில் நிறுத்தும் டைம்அவுட் கட்டளையைப் பயன்படுத்தினாலும் இதே கதிதான். நிரலை அந்த இடத்திலேயே முறித்து நிறுத்தும் அபோர்ட் அழைப்பும் இடையகத்தை வெளியேற்றும் என்று நம்பக் கூடாது. ஒரு நிபந்தனை உண்மைதானா என்று சோதிக்கும் அஸர்ட் தோற்கும்போது உள்ளே நடப்பது அபோர்ட்தான். ஆகவே அஸர்ட்டின் செய்தி எஸ்டிடிஎர் வழியாகத் தெரியும். அதற்கு முன் நீங்கள் கோப்புக்கு அச்சிட்டவை தெரியாமல் போகலாம்.

தீர்வு எளிது. பிழை தேடுவதற்காகப் போடும் வரிகளைப் பிரின்ட்எஃப்பில் போடாதீர்கள். இப்படி எழுதுங்கள்.

எஃப்பிரின்ட்எஃப்(எஸ்டிடிஎர், "இங்கே 6\n");

மேற்கோளுக்குள் முடிவில் இருப்பது புதுவரிக் குறி: பின்சாய்வுக் கோடு, அதையடுத்து ஒரு சின்ன எழுத்து. மாணவன் ஆறு வரிகளையும் இப்படி மாற்றினான். அடுத்த ஓட்டத்தில் 1 முதல் 6 வரை வரிசையாக வந்து விழுந்தன. "இங்கே 6" என்பதற்கு அடுத்த வரியைப் பார்த்தான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

புதுவரிக் குறியை மட்டும் சேர்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். முனையத்தில் ஓட்டினால் போதும். அதே நிரலைக் கோப்புக்குத் திருப்பிவிட்ட அன்று மறுபடியும் வரிகள் காணாமல் போகும். புதுவரிக் குறி போட்டால் உடனே வெளியே வரும் என்ற பாடத்தைப் பல குறிப்பேடுகளில் பார்க்கிறேன். அது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துப் பிழை தேடுவது முழுப் பொய்யை வைத்துத் தேடுவதைவிடக் கடினம், ஏனென்றால் அது சில நாள் வேலை செய்யும்.

நிரலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி என்ற கருவி தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. நிரலை ஜிடிபிக்குள் ஓட்டுங்கள். அது விழுந்து நிற்கும் இடத்தில், இடையகத்தில் இருப்பதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் என்ற செயற்கூறுக்கு 0 கொடுத்துக் கால் கட்டளையால் அழையுங்கள். இடையகத்தில் சிக்கிக் கிடந்த எழுத்துகள் அப்படியே வெளியே வரும். ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

அறிகுறி: கேள்வி தெரியவில்லை, ஆனால் நிரல் விடைக்காகக் காத்திருக்கிறது

"பெயர்: " என்று அச்சிட்டு, புதுவரி இல்லாமல், விடையை வாசிக்க ஸ்கேன்எஃப் அழைக்கிறீர்கள். திரை வெறுமையாக நிற்கிறது. எதையாவது தட்டி என்டர் அழுத்தினால் கேள்விகள் எல்லாம் கடைசியில் கொத்தாக வருகின்றன.

லினக்ஸ் முனையத்தில் இது பெரும்பாலும் நேராது. விசைப்பலகையிலிருந்து புதிதாக வாசிக்க வேண்டிவரும்போது, வரி இடையகத்தில் உள்ள எஸ்டிடிஅவுட்டை நூலகமே முதலில் வெளியே தள்ளிவிடும். நிரல் எழுதும் மென்பொருளின் உள்ளேயே இருக்கும் வெளியீட்டுச் சாளரத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம். அந்தச் சாளரங்களில் சில உண்மையான முனையமாக இல்லாமல் வெறும் பைப்பாக இருக்கும். பைப் என்றால் முழு இடையகம். பஸ் நிரம்பவில்லை, கேள்வி புறப்படவில்லை.

கேள்வி கேட்கும் ஒவ்வொரு பிரின்ட்எஃப்புக்கும் அடுத்து எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்); என்று எழுதிவிடுங்கள். எந்தச் சூழலிலும் வேலை செய்யும்.

இங்கே ஒரு தவறான மருந்து கைமாறிக்கொண்டிருக்கிறது. சிலர் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) என்று எழுதுகிறார்கள். வெளியீட்டுக்கு உரிய செயற்கூறை உள்ளீட்டின் மீது ஏவினால் என்ன நடக்கும் என்பதை சி தரம் வரையறுக்கவில்லை. முன்பு விண்டோஸில் அது மிச்ச எழுத்துகளைத் துடைத்துவந்தது. விசுவல் ஸ்டூடியோ 2015 முதல் அங்கேயும் அது எதுவும் செய்வதில்லை. ஸ்கேன்எஃப் விட்டுச்சென்ற புதுவரியை அகற்ற வேண்டுமானால், புதுவரி வரும்வரை கெட்சார் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்துத் தள்ளுங்கள். அது வேறு நோய். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: நொடிக்கு ஒரு புள்ளி வர வேண்டியது, பத்தும் சேர்ந்து வருகிறது

ஒரு புள்ளி, ஸ்லீப்(1), மறுபடியும் ஒரு புள்ளி. பத்து நொடி ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் பத்துப் புள்ளிகளும் ஒன்றாகத் தோன்றும். புதுவரி இல்லாததால் வரி இடையகம் காத்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு எஃப்ஃப்ளஷ் போதும். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிச் சதவீதத்தை மேலெழுதும் நிரல்களுக்கும் இதே மருந்துதான். திரும்பும் குறி புதுவரிக் குறி ஆகாது. அதற்கு இடையகம் அசையாது.

அறிகுறி: திரையில் உடனே வருகிறது, கோப்புக்கு அனுப்பினால் மணிக்கணக்காக வருவதில்லை

இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் வெப்பநிலையை அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: 10:15 29.4. நேரத்துக்கு 5 எழுத்து, இடைவெளி 1, வெப்பநிலைக்கு 4, புதுவரி 1. மொத்தம் 11 பைட். காலை 10:15க்குத் தொடங்கி வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

லினக்ஸில் கோப்புக்கு அனுப்பும்போது இடையகம் பெரும்பாலும் 4096 பைட். 372 வரிகள் சேர்ந்தால் 4092 பைட். இன்னும் 4 பைட் இடம் மிச்சம். 373ஆவது வரி வரும்போதுதான் பஸ் நிரம்புகிறது. அது மாலை 4:27. அதுவரை, ஆறு மணித்தியாலமும் 12 நிமிடமும், கோப்பின் அளவு பூச்சியம். 4:27க்குத் திடீரென்று 4096 பைட் வந்து விழுகிறது. கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால் "16:2" என்று பாதியில் நிற்கிறது. மிச்ச 7 எழுத்தும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன.

கோப்பின் கடைசி வரி பாதியில் அறுந்திருந்தால், அளவைப் பாருங்கள். அது 4096ஆல் மீதியின்றி வகுபட்டால் இடையகம்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தமிழில் அச்சிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "கொ" என்ற ஓர் எழுத்துக்கு மெய்யும் உயிர்க்குறியுமாக 6 பைட். 4096 மூன்றால் வகுபடாது, 1 மிஞ்சும். ஆகவே இடைவெளியே இல்லாத தமிழ் எழுத்துகளை வரிசையாக அச்சிட்டால், 1366ஆவது குறியீடு முதல் பைட்டோடு அறுபடும். கோப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி தெரியும். எழுத்துருவிலோ குறியேற்றத்திலோ பிழை என்று எண்ணி அதைத் தேடிப் போகாதீர்கள். அடுத்த தொகுதி வந்ததும் எழுத்து தானாகக் கூடிவிடும்.

தீர்வு: இப்படித் தொடர்ந்து பதிவு எழுதும் நிரலில் எஸ்டிடிஅவுட்டை வரி இடையகத்துக்கு மாற்றுங்கள். முன்பு சொன்ன செட்விபஃப்தான்; _ஐஓஎன்பிஎஃப் இருந்த இடத்தில் _ஐஓஎல்பிஎஃப். அதன் பிறகு வெளியீடு கோப்புக்குப் போனாலும் ஒவ்வொரு வரியும் முடிந்ததும் வெளியேறும். விண்டோஸில் இது உதவாது. மைக்ரோசொஃப்டின் சி நூலகம் வரி இடையகத்தை முழு இடையகமாகவே நடத்துகிறது. அதோடு அளவை 0 என்று கொடுத்தால் நிரலையே நிறுத்திவிடலாம். அங்கே ஒவ்வொரு வரிக்கும் பிறகு எஃப்ஃப்ளஷ் போடுவதே வழி.

நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் டொக்கர் கொள்கலத்தில் ஓடும் சி நிரல் ஒன்றும் அச்சிடவில்லை என்று அலுவலகத்தில் யாராவது புலம்பினால், அதுவும் இதுவே. முனையம் இணைக்கப்படாத கொள்கலத்தில் எஸ்டிடிஅவுட் ஒரு பைப்.

அப்படியானால் இடையகத்தையே எப்போதும் அகற்றிவிடலாமே என்றால், கூடாது. அதே 11 பைட் வரியை ஒரு இலட்சம் தடவை கோப்புக்கு அச்சிடுவதாகக் கொள்ளுங்கள். மொத்தம் 11 இலட்சம் பைட். முழு இடையகத்தில் 269 ரைட் அழைப்புகளில் முடிந்துவிடும். வரிக்கு ஓர் அழைப்பு என்றால் ஒரு இலட்சம். ஒவ்வோர் அழைப்பும் நிரலை விட்டு இயங்குதளத்துக்குள் போய்த் திரும்பும் பயணம். எஸ்ட்ரேஸ் கட்டளையின் கீழ் நிரலை ஓட்டினால் இந்த அழைப்புகளை ஒன்றொன்றாகப் பார்க்கலாம். என் வகுப்பில் இதை எல்லோரையும் ஒரு முறை செய்யவைக்கிறேன். நான் எவ்வளவு விளக்கினாலும், 4096 என்ற எண்ணைத் தாங்களே திரையில் பார்க்கும்போதுதான் பிள்ளைகளின் முகம் தெளிகிறது.

அறிகுறி: வரிகள் முன்பின்னாக வருகின்றன

முனையத்தில் ஒழுங்காக வந்தவை, எஸ்டிடிஅவுட்டையும் எஸ்டிடிஎர்ரையும் ஒரே கோப்புக்குத் திருப்பியதும் வரிசை குலைகின்றன. பிழைச் செய்திகள் எல்லாம் மேலே, சாதாரண வரிகள் எல்லாம் கீழே. ஒன்று முச்சக்கரவண்டியில் வந்தது, மற்றது பஸ்ஸில். பின்னால் புறப்பட்டது முன்னால் சேர்ந்துவிட்டது. பிரின்ட்எஃப்பையும் நேரடி ரைட் அழைப்பையும் ஒரே நிரலில் கலந்தாலும் இப்படியே ஆகும். ரைட் இடையகத்தைத் தொடுவதே இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் எஃப்ஃப்ளஷ் போடுங்கள். பிழைச் செய்தி முதலில் வந்திருப்பதால் பிழைதான் முதலில் நடந்தது என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

அறிகுறி: ஒரு தடவை அச்சிட்ட வரி இரண்டு தடவை வருகிறது

பல்கலைக்கழகத்தில் இயங்குதளப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் ஃபோர்க் பயிற்சியோடு வந்து கேட்கும் கேள்வி இது. நிரல் மிகச் சிறியது: "தொடக்கம்" என்று புதுவரியோடு அச்சிடு, ஃபோர்க் அழை, முடி. முனையத்தில் ஓட்டினால் "தொடக்கம்" ஒரு தடவை. கோப்புக்குத் திருப்பினால் இரண்டு தடவை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஃபோர்க் செய்வது நகல் எடுப்பது. தாய்ச் செயல்முறையின் நினைவகம் முழுவதும் பிள்ளைக்கும் கிடைக்கிறது. இடையகமும் அந்த நினைவகத்தில் ஒரு துண்டுதானே? முனையத்தில் புதுவரி வந்ததும் "தொடக்கம்" வெளியேறிவிட்டது. ஃபோர்க் நேரத்தில் இடையகம் காலி. கோப்பு என்றால் அது இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஃபோர்க் அதையும் நகல் எடுத்துவிட்டது. தாயும் பிள்ளையும் தனித்தனியாக முடியும்போது, இருவரும் தத்தம் இடையகத்தை வெளியே தள்ளுகிறார்கள். அச்சிடும் கட்டளையைத் தாண்டிய பிறகு பிறந்த பிள்ளை, தான் ஒருபோதும் ஓட்டாத வரியை அச்சிடுகிறது. மூன்று ஃபோர்க் அடுத்தடுத்து இருந்தால் எட்டு தடவை வரும்.

வரிகளை எண்ணி எத்தனை செயல்முறைகள் பிறந்தன என்று விடை எழுதும் பயிற்சிகளில் இது பிள்ளைகளின் புள்ளியையே தின்றுவிடும். ஃபோர்க்குக்கு முந்தைய வரியில் எஃப்ஃப்ளஷ்(நல்); போடுங்கள். நல் கொடுத்தால் திறந்திருக்கும் எல்லா வெளியீட்டு ஓடைகளும் காலியாகும். பிள்ளைச் செயல்முறையை எக்ஸிட் கொண்டு முடிக்காமல், அடிக்கோட்டோடு தொடங்கும் _எக்ஸிட் கொண்டு முடிப்பதும் வழக்கம். அது இடையகத்தைத் தள்ளாமலே போய்விடும். ஆனால் பிள்ளை தானாக அச்சிட்டது ஏதாவது இருந்தால், _எக்ஸிட்டுக்கு முன் அதற்கு ஓர் எஃப்ஃப்ளஷ் வேண்டும்; இல்லாவிட்டால் அதுவும் தொலைந்துபோகும்.

அறிகுறி: எஃப்ஃப்ளஷ் போட்டேன், ஆனாலும் மின்சாரம் போனதும் கடைசி வரிகள் இல்லை

2022 மார்ச் முடிவில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, கொழும்பில் மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் இதை நன்றாகவே அனுபவித்தார்கள். எஃப்ஃப்ளஷ் எழுத்துகளை உங்கள் நிரலிலிருந்து இயங்குதளத்திடம் ஒப்படைப்பதோடு கடமை முடிந்தது என்று திரும்பிவிடும். இயங்குதளம் அவற்றைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகுதான் வட்டில் எழுதும். நிரல் விழுந்தால் அவை பிழைக்கும். கணினியே அணைந்தால் பிழைக்காது. இழக்கவே கூடாத தரவு என்றால் எஃப்ஃப்ளஷ்ஷை அடுத்து எஃப்சிங்க் அழைப்பும் வேண்டும். அது மெதுவானது. ஒவ்வொரு வரிக்கும் போடாமல், ஒரு கணக்கு அல்லது ஒரு பதிவு முழுமையடையும் இடத்தில் போடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: வட்டு நிரம்பியிருந்தாலும் பிரின்ட்எஃப் வெற்றி என்றே சொல்லக்கூடும், ஏனென்றால் அது இடையகத்தில் போட்டதோடு திரும்பிவிட்டது. தோல்வி எஃப்ஃப்ளஷ்ஷிலோ எஃப்குளோஸிலோதான் வெளிப்படும். அவற்றின் திருப்பு மதிப்பைச் சோதியுங்கள்.

அறிகுறி: வெளியீட்டின் முடிவில் புரியாத குப்பை எழுத்துகள்

செட்விபஃப்புக்கு உங்கள் சொந்த அணியை இடையகமாகக் கொடுத்திருக்கிறீர்களா? அந்த அணி மெயினுக்குள் அறிவித்த உள்ளூர் மாறியா? மெயின் திரும்பியதும் அந்த நினைவகம் செல்லாது. நூலகமோ அதன் பிறகுதான் கடைசி எழுத்துகளை அங்கிருந்து எடுக்கப் போகிறது. அணிக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று சேருங்கள், அல்லது நல் கொடுத்து அந்தப் பொறுப்பை நூலகத்திடமே விடுங்கள்.

அறிகுறி: கர்சஸ் நூலகத்தில் எழுதியது திரையில் இல்லை

முனையத் திரையில் விரும்பிய இடத்தில் எழுத உதவுவது கர்சஸ். அதன் பிரின்ட்டபிள்யூ கொடுத்தது, கர்சஸ் வைத்திருக்கும் திரையின் நகலில்தான் எழுதப்படுகிறது. ரிஃப்ரெஷ் அழைத்தால்தான் உண்மையான திரைக்கு வரும். அதே நிரலில் பிரின்ட்எஃப்பைக் கலக்காதீர்கள். எஃப்ஃப்ளஷ் இங்கே உதவாது.

அறிகுறி: கோளாறு வேறொருவரின் நிரலில், திருத்த மூலமே கையில் இல்லை

லினக்ஸில் எஸ்டிடிபஃப் என்ற கட்டளை இருக்கிறது. அதன் பின்னால் நிரலின் பெயரைக் கொடுத்தால், வரி இடையகத்தோடோ இடையகம் இல்லாமலோ ஓட வைக்கும். நிரல் தானாகவே செட்விபஃப் அழைத்தாலும், நூலகத்தை உள்ளேயே சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்தாலும் அது பயன்படாது. பைப்புகளைச் சங்கிலியாகக் கோத்திருந்தால், முதல் நிரலை மட்டும் திருத்திவிட்டு ஓயாதீர்கள். நடுவில், வரிகளைத் தேடி வடிகட்டும் கிரெப் கட்டளை இருந்தால் அதுவும் தன் இடையகத்தில் சேர்த்து வைக்கும். அதற்கென்றே வரி இடையக விருப்பு ஒன்று கிரெப்பில் உண்டு.

இத்தனை செய்தும் அறிகுறி மாறவில்லை என்றால்

அப்போது இடையகம் குற்றவாளி அன்று. முதலில், ஓடுவது இப்போது தொகுத்த நிரல்தானா என்று பாருங்கள். தொகுப்பில் பிழை வந்து பழைய நிரலே மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்ததை என் வகுப்பிலேயே பல தடவை கண்டிருக்கிறேன். அடுத்து, அந்தப் பிரின்ட்எஃப் இருக்கும் வரியில் ஜிடிபியில் நிறுத்தப் புள்ளி வைத்து ஓட்டுங்கள். நிரல் அங்கே வந்து நிற்கவில்லை என்றால், அந்த வரிக்கு முன்னால் முடியாத சுழற்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கன்ட்ரோல்-சி அழுத்திப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறது என்பதை ஜிடிபியே காட்டும்.